பிரதிவாதியின் அக்கா

என் ஆபீசுக்குள் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏனுங்க, உக்காரட்டுங்களா?" என்று கேட்ட ஒரே கட்சிக்காரர் அந்த அம்மாதான். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வணக்கமே சொல்வார்கள். நான் கோர்ட்டிலிருந்து திரும்பி வரும்போது என் நாற்காலியிலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர்கள்கூட உண்டு. அன்று நான் ஏதோ கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே தலையை ஆட்டினேன். அது போதவில்லை. வாயைத் திறந்து "உட்காருங்கம்மா" என்று சொல்கிறவரைக்கும் நின்றார். உட்கார்ந்ததும் மூலையிலிருந்த பானையைக் காட்டி, "தண்ணி மோந்துக்கட்டுங்களா?" என்றார். பிறகு மஞ்சள் பையைத் திறந்து, "இத இங்க வெக்கட்டுங்களா?" என்று என் மேஜையைக் காட்டினார்.

நல்ல மரியாதைக்காரி, வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதுமே ஆள் கணிப்பு போதாது.

பையிலிருந்து வந்தவை இரண்டு ஃபுட்வால்வுகள். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடிவாயில் மாட்டுவது. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் அதுதான் பிடித்து வைக்கும். ஐம்பதுகளில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கரண்டு வந்து, மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் உட்கார ஆரம்பித்திருந்தது. வால்வின் சல்லடையில் இலையும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்கித்தான் அதைச் சுரண்ட வேண்டும். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சல்லடையைச் சுற்றி ஒரு சுரண்டியைப் பொருத்தி, கம்பி ஒன்றை மேலே கொண்டுவந்துவிட்டார். மேட்டில் நின்று கம்பியை இழுத்தால் அடியில் சல்லடை சுத்தமாகிவிடும். கல்கத்தாவுக்கு எழுதிப்போட்டு அதற்குப் பேட்டன்ட்டும் வாங்கினார். வாங்கின கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். பீளமேட்டில் ஒரு லேத்து, இரண்டு ஆட்கள், கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் சின்னப் பெண் ஒருத்தி. பட்டறையை இழுத்து மூடாமல் இந்த அம்மாவே நடத்திக்கொண்டிருந்தார்.

"இது எங்களுதுங்க," என்று ஒன்றைத் தொட்டார். "இது எங்களுதாட்டவே இருக்கறதுங்க," என்று மற்றதைத் தொட்டார்.

கிணத்துக்கடவிலிருந்து ஒரு தோட்டக்காரர் பட்டறைக்கே சண்டைக்கு வந்திருக்கிறார். உங்கள் தோல் வாசர் உங்கள் வால்விலேயே உட்காரமாட்டேன் என்கிறது, என்ன வியாபாரம் பண்ணுகிறீர்கள் என்று. வாங்கிப் பார்த்தால் வால்வு இவர்களுடையது இல்லை. வார்ப்படத்துக்கு மரத்தில் அச்சு செய்கிறபோது அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்களாம், உருக்கின உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதற்காக. யாரோ அச்செல்லாம் செய்யாமல், கடையில் விற்ற வால்வையே மணலில் அமுக்கி வார்த்திருக்கிறார்கள். அதனால் பிறந்தது கொஞ்சம் சின்னதாகப் பிறந்துவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அசலின் உடம்பில் மேடாக இருந்த பேட்டன்ட் எண்ணும் சேர்ந்து அச்சாகிவிட்டது. அரத்தால் ராவிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த அம்மா சாவியால் சுரண்டிக் காட்டியபோது கடைசி இரண்டு எண்கள் பளிச்சென்று தெரிந்தன. திருடின மாட்டைச் சூட்டுக்குறியோடு சந்தையில் நிறுத்தினாற்போல.

"யார் செய்ததென்று தெரியுமா?" என்றேன்.

"எங்க தம்பிங்க," என்றார்.

அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு 'எங்க தம்பி' என்று அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. பிராது தயாரானதும் அதில் 'பிரதிவாதி' என்று போட்டிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கூடப்பொறந்தவன அப்புடித்தானுங்களா சொல்லுவாங்க?" என்றார். வழக்கில் அப்படித்தான் என்றேன். அன்றிலிருந்து வீட்டிலும் பட்டறையிலும் அவன் பிரதிவாதிதான். "பிரதிவாதி பொண்டாட்டிக்கு மேலுக்குச் சொகமில்லையாமுங்க" என்று கவலையோடு சொல்வார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறேன்.

எனக்கு அது முதல் பேட்டன்ட் வழக்கு, கடைசியும்கூட. நிலத் தகராறும் வாய்க்கால் தகராறும் பார்த்துக்கொண்டிருந்தவன். சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்துவிட்டு அந்த அம்மாவுக்கு விளக்கினேன். பேட்டன்ட் வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் பதினாறு வருடத்துக்கு அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது. லைசென்ஸ் வாங்காமல் செய்தால் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு கேட்கலாம், அல்லது அவன் சம்பாதித்த லாபத்தைக் கேட்கலாம், இரண்டில் ஒன்று. செய்து வைத்திருக்கும் சரக்கை ஒப்படைக்கச் சொல்லலாம்.

கவனமாகக் கேட்டுவிட்டு, "இதுல அவனக் கேக்க வெக்கறது எதுங்க?" என்றார்.

"கேட்க வைப்பதா?"

"அக்கா, நான் இதச் செஞ்சுக்கட்டுமான்னு அவன் வந்து ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க. அதுக்கு எந்த செக்சனுங்க?"

அதற்குச் செக்சன் இல்லை என்றேன். லைசென்ஸ் என்பதே அதுதான், ஆனால் கேள் என்று கோர்ட்டு யாரையும் உத்தரவு போட்டு அனுப்பாது என்றேன்.

"என்னங்க சட்டம். அவன் கேட்டிருந்தாச் சும்மாவே குடுத்திருப்பேனுங்களே," என்றார்.

பட்டறையை ஒட்டிய அவர் வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் இருந்தது. வேலி கிடையாது. தெருவுக்கே அந்த மரம்தான் குழம்பு. யார் வந்து கேட்டாலும், துரட்டியை எடுத்து, கேட்டதற்கு மேல் பறித்துக் கொடுப்பார். ஆனால் கேட்காமல் ஒரு கீரைக் கொத்தை ஒடித்துவிட்டால் போதும், அன்றைக்குத் தெருவில் ஒருவருக்கும் காது மிச்சமிராது. ஒருமுறை நான் பட்டறையில் குறிப்பெடுக்க, மேஜைமேல் கிடந்த அவருடைய பென்சிலை எடுத்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "எடுத்துக்கொள்ளட்டுமா அம்மா?" என்றேன். "தாராளமா எடுத்துக்கங்க தம்பி, ஊட்டுக்கே கொண்டுபோங்க," என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அந்தப் பென்சில் ரொம்ப நாள் என்னிடம் இருந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு நாள்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் முதல் வால்வை வார்க்கப் பித்தளை தேடியிருக்கிறார். வீட்டில் இருந்த கனமான பித்தளை, இந்த அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த அண்டா ஒன்றுதான்.

"எடுத்திருந்தா நான் என்னங்க கேக்கப்போறேன்? அவரு ஊடு, அவரு சம்சாரம். ஆனா சமையக்கட்டு வாசப்படிகிட்ட வந்து நிக்கறாரு, போறாரு, மறுபடியும் வர்றாரு. என்னங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லீங்கறாரு. கடைசியா, 'அம்மணி, அந்த அண்டாவ எடுத்துக்கட்டுமா?'ன்னாருங்க. அண்டா போனது எனக்கு நெனப்பே இல்லீங்க தம்பி. அவரு கேட்டாரு பாருங்க, அந்த மொகந்தானுங்க இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

சொல்லிவிட்டு லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நிமிடத்தில் எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துப்போயிற்று. வழக்கு எப்படிப் போனாலும் இவரோடு இருப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பிரதிவாதி அன்னூர்ப் பக்கம் சொந்தத் தோட்டத்தில், பிறந்த வீட்டில் இருந்தார். அங்கேயே சின்னதாக ஒரு வார்ப்படக் கொட்டகையும் போட்டிருந்தார். சொந்தக்காரர்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார்கள். அவன் ஏதாவது கொடுத்துவிடுவான், வழக்கை வாபஸ் வாங்கு என்றார்கள். "ஒண்ணும் குடுக்கவேண்டாமுங்க, வந்து கேக்கச் சொல்லுங்க" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். பிரதிவாதியின் வக்கீல் லைசென்ஸ் கேட்டு எனக்கு ஒரு நோட்டீஸ்கூட அனுப்பினார். நான் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். "வக்கீலு கேட்டா வக்கீலுக்குக் குடுக்கறேனுங்க. வக்கீலா வால்வு செய்யப்போறாரு?" என்றார். நோட்டீஸை மடித்து என்னிடமே கொடுத்தார்.

விசாரணைக்கு முன்னால் எனக்கு ஒரு பயம் இருந்தது. கல்கத்தாவுக்கு மனுப் போடுவதற்கு முன்பே ஒரு பொருள் ஊரறியப் புழங்கியிருந்தால், அது புதியது இல்லை என்று பேட்டன்ட்டே அடிபட்டுப்போகும். முதல் வால்வை அன்னூர்க் கிணற்றில் ஒரு கோடை முழுக்க மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது பிரதிவாதிக்குத் தெரியும். ஊரே வந்து பார்த்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வீட்டுக்காரர் விட்டுப்போன ஒரே சொத்து, அண்டா உட்பட, தண்ணீரில் போய்விடும்.

"அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"மாட்டியிருந்துச்சுன்னு சொல்லுவேனுங்க. ஊரு பாத்துச்சான்னு கேட்டா, நான் இங்க இருந்தேன், தெரியாதும்பேன். வேறென்னத்தச் சொல்றது?"

அவர் முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.

பிரதிவாதி கூண்டில் ஏறினார். நல்ல ஆகிருதி, பெரிய மீசை. மூக்கு மட்டும் அக்காவுடையது. அவருடைய வக்கீல் நெருங்கி நின்று, மனுப் போடுவதற்கு முன்பே அந்த வால்வு உங்கள் கிணற்றில் ஓடியதா என்று கேட்டார்.

"ஓடுச்சுங்க."

"அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், இல்லையா?"

அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் பிரதிவாதியின் பார்வை போகவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றார்.

வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. நன்றாக யோசித்துச் சொல்லும்படி சொன்னார்.

"யோசிக்க ஒண்ணுமில்லீங்க. இது சோதனைதான், காயிதம் வர்றவரைக்கும் ஒருத்தருக்கும் காட்டவேண்டாம்னு மச்சான் எங்கிட்டக் கேட்டுக்கிட்டாருங்க. கெணத்து மேட்டுல ஓலைத்தட்டி கட்டி மறைச்சவனே நாந்தானுங்க. ஒருத்தனையும் உள்ள உடலீங்க."

தன் வழக்கைத் தானே தோற்கடித்துக்கொண்டு அவர் நின்றார். என் முறை வந்தபோது நான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், எந்த வக்கீலும் அதைத்தான் செய்வான். என்னால் முடியவில்லை. அப்படியானால் உங்கள் அக்காவிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"கயிறு புடிச்சவனுங்க நான். மச்சான் கெணத்துக்குள்ள எறங்குனப்ப அவரு உசுரு எங்கையில இருந்துச்சுங்க. அந்த வால்வ நான் செய்யறதுக்கு, அக்காகிட்டப் போயிக் கையக் கட்டிக்கிட்டு நிக்கோணுமுங்களா?"

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டத்தில் அதற்கும் செக்சன் இல்லை.

வெளியே வராந்தாவில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் அம்மா என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "பிரதிவாதிக்குக் கண்ணெல்லாம் உள்ள போயிருச்சுங்களே தம்பி. சரியாத் தூங்கறதில்லையாட்ட இருக்குது," என்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நிரந்தரத் தடை. மிச்சச் சரக்கை ஒப்படைக்க வேண்டும். நட்ட ஈடா, லாபமா என்று நான் கேட்டதற்கு, "ரண்டும் வேண்டாமுங்க" என்றார். எத்தனையோ எடுத்துச் சொன்னேன், பயனில்லை. சின்ன வால்வுகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. ஏற்கெனவே வாங்கி மாட்டியிருக்கும் தோட்டக்காரர்களையும் நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "தண்ணி ஏறுற கெணத்துல கை வெக்கச் சொல்றீங்களா?" என்று எழுந்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. தம்பியின் வால்வு ஒழுகுகிறது என்று யாராவது வந்தால், அதற்கென்று சின்ன அளவில் தோல் வாசர் வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் தனியாக வைத்திருந்தார். தன் கையாலேயே வெட்டுவார். பட்டறையில் அதற்குப் பெயர் 'பிரதிவாதி வாசர்'. "வால்வு ஒழுகுனா அவனத்தானுங்களே பேசுவாங்க" என்றார் என்னிடம். இப்படி ஒரு வாதியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆனாலும் பேச்சு இல்லை. போக்குவரத்து இல்லை. தம்பி கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் முறைக்குப் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்தவர், அந்த வீட்டுப் பக்கமே வருடக்கணக்கில் போகவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. தாய்மாமன் இல்லாமல் சீர் நடக்காது. எங்கள் பக்கத்தில் வீடு தேடிப்போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் கூடப்பிறந்தவனும் வரமாட்டான். மாமன் முறைக்கு வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "அன்னூர் வரைக்கும் தொணைக்கு வாரீங்களா?" என்றார்.

பஸ்ஸில் போனோம். அந்த அம்மா தோட்டத்து வாசலில் நின்றார். தான் பிறந்த வீடு. தவழ்ந்த வாசல். "உள்ள வரட்டுங்களா?" என்று கேட்டார்.

பிரதிவாதி வெளியே வந்து, ஒதுங்கி வழிவிட்டார். அந்த அம்மா தட்டை வைத்து, "பொண்ணுக்குக் கல்யாணமுங்க. மாமன் வந்து சீர் செய்யோணுமுங்க," என்றார். தூக்கி வளர்த்த தம்பியிடம் இத்தனை மரியாதையாகப் பேசியது, திட்டியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்திருக்கும். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில், "நான் கேக்கவேண்டியதக் கேட்டுப்போட்டேனுங்க," என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிரதிவாதி வந்தார். மாமன் சீர் ஒன்றும் குறையவில்லை. ஆனால் பந்தி போட்டபோது ஆளைக் காணோம். கடைசிப் பந்தி எழுகிறவரைக்கும் அந்த அம்மா ஒரு இலையை யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தார்.

பேட்டன்ட்டின் பதினாறு வருடமும் முடியும் நாள் நெருங்கியது. போதிய வருமானம் வரவில்லை என்று சர்க்காருக்கு மனுப் போட்டு நீட்டிக்கப் பார்க்கலாம் என்றேன். "வேண்டாமுங்க. இத்தன வருசம் நம்ம கையில இருந்துச்சு. இனி ஊரு செய்யட்டும்," என்றார். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. கேட்க வேண்டிய காலமே முடிந்துபோகிறது, அந்த ஒரு வார்த்தை வராமலே.

முடிந்த மறுநாள் காலை, இனிப் பேட்டன்ட் எண் பொறிக்காமல் வார்ப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். முருங்கை மரத்தடியில் யாரோ நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது.

"அக்கா, உள்ள வரட்டுங்களா?"

அந்த அம்மா எழுந்து நின்றார். தலையை ஆட்டினார். தலையாட்டல் போதாது என்று நினைக்கிறவரின் தம்பி அல்லவா, அவர் அங்கேயே நின்றார். "வா," என்றார் அந்த அம்மா.

உள்ளே வந்து, அக்காவுக்கு முன்னால் நின்று, "அந்த வால்வ நான் செஞ்சுக்கட்டுங்களாக்கா?" என்றார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "வக்கீல் தம்பி, இப்ப அதுக்குக் கேக்கோணுமுங்களா?"

"வேண்டியதில்லை. நேற்றோடு முடிந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம்," என்றேன்.

"கேக்கவேண்டியதில்லையாமா," என்றார் தம்பியிடம்.

"தெரியுமுங்க. எங்க வக்கீலும் சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு வந்தே?"

"தடை இருக்கறப்பக் கேட்டா, கோர்ட்டுக்குப் பயந்துக்கிட்டுக் கேட்டாப்பல ஆயிருமுங்கக்கா. இன்னைக்கு ஒரு ஆர்டரும் இல்லீங்க. அதான் வந்தேன்."

அந்த அம்மா பட்டறைக்குள் போனார். வரும்போது கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் தன் கையால் செதுக்கிய மர அச்சு. பட்டறை ஆட்களைக்கூட அதைத் தொடவிட்டதில்லை.

"இத வெச்சு வாத்துக்க கண்ணு. உன்னுது சின்னதாப் போயிருது, வாசரு உக்காரமாட்டேங்குது," என்று அவர் கையில் வைத்தார். பிறகு உள்ளே இருந்த மகளைப் பார்த்து, "அம்மணி, எங்க தம்பி வந்திருக்கறான். எலை போடு," என்றார்.

எனக்கும் இலை விழுந்தது. தம்பி தலைகுனிந்து சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கட்டுங்களாக்கா?" என்றார்.

"அக்கா ஊட்டுல சோத்துக்குமாடா கேக்கறது?" என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டார்.

ரசச் சட்டி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இழுத்து ஊற்றிக்கொண்டேன். அந்தப் பென்சிலுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்காமல் நான் எடுத்தது அது ஒன்றுதான். அந்த அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.